கடைக்கு பில் மென்பொருள் எழுதப் போகிறீர்களா? மேசைக்கணினியிலிருந்து இணையம் வரை ஒரு வழிகாட்டி

என் பெரிய மாமா ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். சிமென்ட், பைப், பெயின்ட், ஆணி எல்லாம் உண்டு. "பைதான் படிச்சிருக்கியே, நம்ம கடைக்கு ஒரு பில் போடுற புரோகிராம் செஞ்சு குடுப்பா" என்று கேட்டார். இரண்டு மாதத்தில் முடியும் என்று சொன்னேன். எட்டு மாதம் ஆனது. எழுதியதை இடித்துத் திரும்பக் கட்டியதிலேயே பாதிக்கு மேல் போய்விட்டது. என்னிடம் இதே வேலை கேட்டு வரும் தம்பி தங்கைகள் ஒவ்வொருவரும் அதே பள்ளத்தில் விழுவதைப் பார்க்கிறேன். அதனால்தான் வரிசையாக எழுதி வைக்கிறேன். பைதான் ஓரளவு எழுதத் தெரியும், ஆனால் முழு மென்பொருள் ஒன்றை அடுத்தவர் கையில் கொடுத்ததில்லை என்றால் இது உங்களுக்குத்தான்.

1. கணினியைத் திறக்கும் முன் காகிதங்களை வாங்குங்கள்

இரண்டு நாள் கடையில் உட்காருங்கள். பழைய பில் புத்தகம், ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழ், சரக்குப் பட்டியல், மொத்த வியாபாரிகளிடமிருந்து வந்த பில்கள், ஆடிட்டர் கடைசியாகத் தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை அறிக்கை) நகல், இவ்வளவும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

சான்றிதழில் முதலில் பார்க்க வேண்டியது கடை எந்த முறையில் பதிவாகியிருக்கிறது என்பது. காம்போசிஷன் முறை (சிறு வியாபாரிகளுக்கான எளிய வரி முறை) என்றால் வாடிக்கையாளரிடம் வரி வாங்கக் கூடாது. அவர்கள் கொடுக்க வேண்டியது வரி பில் அல்ல, 'பில் ஆஃப் சப்ளை'. இதைக் கேட்காமல் தொடங்கினால் மொத்தக் கணக்குப் பகுதியும் வீண்.

ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகள். முதல் இரண்டு மாநில எண், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். கடைசி எழுத்து சரிபார்ப்புக்கானது. எண்ணை உள்ளிடும் இடத்திலேயே இதைச் சோதித்துவிடுங்கள். வாங்குபவர் எண் வேறு மாநிலத்தில் தொடங்கினால் திரையில் உடனே தெரிய வேண்டும், ஏனென்றால் சரக்கு வெளிமாநிலம் போகிறதென்றால் சிஜிஎஸ்டி (மத்திய வரி), எஸ்ஜிஎஸ்டி (மாநில வரி) போய் ஐஜிஎஸ்டி (வெளிமாநில விற்பனை வரி) வரும்.

பில் எண்ணுக்கும் விதி இருக்கிறது. 16 எழுத்துகளைத் தாண்டக் கூடாது, தொடர் வரிசையில் வர வேண்டும், ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக் கூடாது. எழுத்து, எண், சிறு கோடு, சாய்கோடு மட்டும் அனுமதி. நான் '25-26/K1/00457' போன்ற அமைப்பை வைத்தேன், எழுத்து ஆங்கிலத்தில்தான். நடுவில் இருப்பது கல்லா எண். இரண்டாவது கணினி வந்தபோது இந்த இரண்டு எழுத்துதான் என்னைக் காப்பாற்றியது.

கடையின் கணினியையும் அன்றே பாருங்கள். விண்டோஸ் 7 என்றால் பைதான் 3.8-க்கு மேல் ஓடாது. ஜன்னல், பொத்தான் வரையும் க்யூட்டி 6 நூலகத்துக்கு விண்டோஸ் 10 வேண்டும். எழுதி முடித்த பிறகு இது தெரிந்தால் புதுக் கணினி வாங்கும் செலவு கடைக்காரர் தலையில் விழும்.

2. கணக்கைத் தனியாக வையுங்கள், திரையைத் தனியாக வையுங்கள்

நான் செய்த பெரிய தவறு இது. 'பில் போடு' பொத்தானை அழுத்தினால் ஓடும் செயல்பாட்டுக்குள்ளேயே வரிக் கணக்கு, இருப்பைக் குறைப்பது, அச்சிடுவது எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். ஐந்து வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் மாமா, "வீட்ல இருந்து போன்ல இன்னிக்கு வியாபாரம் எவ்வளவுன்னு பாக்க முடியுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கணக்கு முழுக்க ஜன்னலோடு பின்னிக் கிடந்ததால் இணையத்துக்கு எதையும் எடுத்துப் போக முடியவில்லை.

மூன்று கோப்புறைகள் போதும்: கணக்கு, மேசை, வலை. 'கணக்கு' கோப்புறையில் க்யூட்டியும் வராது, இணையதளம் எழுத உதவும் ஜாங்கோவும் வராது. அது பொருள், அளவு, விலை வாங்கிக்கொண்டு பில்லைத் திருப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான். மேசையும் வலையும் அதைக் கூப்பிடும் இரண்டு வாசல்கள்.

இப்படிப் பிரித்தால் இன்னொரு வசதி கிடைக்கும். பழைய பில் புத்தகத்திலிருந்து ஆடிட்டர் ஏற்றுக்கொண்ட 20 பில்களை எடுங்கள். தள்ளுபடி உள்ளது, திரும்ப வந்த சரக்கு உள்ளது, வெளிமாநில பில் என்று கலந்து எடுங்கள். அவற்றை அப்படியே பைடெஸ்ட் (நிரலைத் தானாகச் சோதிக்கும் கருவி) சோதனைகளாக எழுதுங்கள். நிரலில் ஒரு வரி மாற்றினாலும் 20 பில்லும் பைசா பிசகாமல் வர வேண்டும். ஒரு நாள் வேலைதான். இதைச் செய்த பிறகுதான் எனக்கு ராத்திரி தூக்கம் வந்தது.

3. பணம், வரி, தேதி

ரூபாயை ஃப்ளோட்டில் வைக்காதீர்கள். பைதானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். எல்லாத் தொகையையும் பைசாவாக மாற்றி முழு எண்ணாகச் சேமியுங்கள். ஆணி கிலோ கணக்கில் போகும், அதையும் கிராமாக வையுங்கள். பைதானின் 'ரவுண்ட்' 2.5-ஐ 2 ஆக்கும், 3 ஆக்காது. கடைக் கணக்கில் பாதிக்கு மேலே ஏற்றுவதுதான் வழக்கம். ஆகவே டெசிமல் நூலகத்தை எடுத்து, 'ரவுண்ட் ஹாஃப் அப்' முறையை நீங்களே சொல்லிக் கொடுங்கள்.

வரி சேர்ந்த விலையைப் பிரிக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. வரியோடு 100 ரூபாய், 18 சதவீதம். 100-ஐ 1.18-ஆல் வகுத்தால் 84.75. அதற்கு 9 சதவீதம் 7.63, மத்திய வரிக்கும் மாநில வரிக்குமாக இரண்டு முறை. கூட்டினால் 100.01. வாடிக்கையாளர் நூறு ரூபாய்த் தாளை நீட்டிக்கொண்டு நிற்கிறார், பில் ஒரு பைசா கூட நிற்கிறது. மாத முடிவில் இந்த ஒரு பைசாக்கள் சேர்ந்து கல்லாவும் கணக்கும் பொருந்தாமல் போகும். சரியான வரிசை இது: 100-ஐ 9-ஆல் பெருக்கி 118-ஆல் வகுத்து முதலில் பாதி வரியைக் காணுங்கள், 7.63. அதன் இரட்டிப்பை விலையிலிருந்து கழியுங்கள், 84.74. இப்போது மூன்றும் சேர்ந்து சரியாக 100.

அடுத்தது வரி விகிதம். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின, சிமென்ட் 28-லிருந்து 18 சதவீதத்துக்கு இறங்கியது. நான் விகிதத்தைப் பொருள் பட்டியலில் மட்டும் வைத்திருந்தேன். ஒருவர் ஆகஸ்ட் மாத பில்லுக்கு நகல் கேட்டார். எடுத்துக் கொடுத்தால் 18 சதவீதத்தில் அச்சாகியிருக்கிறது. பொருளின் பெயர், விலை, விகிதம், ஹெச்எஸ்என் எண் (சரக்கு வகைக்கான குறியீடு) நான்கையும் பில் போடும் நொடியில் பில் வரிக்குள் நகலெடுத்துவிடுங்கள். பட்டியல் நாளைக்கு மாறும், பில் மாறக் கூடாது. ஹெச்எஸ்என் எண், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி வரை 4 இலக்கம், அதற்கு மேல் 6 இலக்கம்.

இணைய சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். விடிகாலை 5.30 வரை அங்கே நேற்றுதான். ஹார்டுவேர் கடைக்கு இது தெரியாது, நாலு மணிக்குத் திறக்கும் பால் கடைக்கோ காய்கறி மண்டிக்கோ எழுதினால் காலை வியாபாரம் முந்தைய நாளில் ஏறும். ஏப்ரல் 1 காலையில் போட்ட பில் போன நிதியாண்டு எண்ணோடு வரும். நேரத்தைப் பொது நேரமாகச் சேமியுங்கள், பில் தேதியை இந்திய நேரத்தில் கணக்கிட்டுத் தனி நெடுவரிசையாகவும் வையுங்கள்.

4. தமிழில் பொருள் பெயர்

இங்கேதான் ஆங்கிலத்தில் இருக்கும் பாடங்கள் எதுவும் கைகொடுக்காது.

'கொண்டி' என்று தேடுகிறீர்கள், கிடைக்கவில்லை. பட்டியலிலோ கண்முன்னே இருக்கிறது. காரணம், யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: க-வோடு ஒற்றை ஒகரக் குறியாக, அல்லது க-வுக்குப் பின் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. உள்ளே வரும் ஒவ்வொரு சொல்லையும் 'யூனிகோட்டேட்டா' நூலகத்தின் என்எஃப்சி முறையில் சமன்செய்து சேமியுங்கள், தேடும் சொல்லையும் அப்படியே செய்யுங்கள். 'ஸ்ரீ' இதைவிட மோசம். அதற்கும் இரண்டு எழுத்து வரிசைகள் உண்டு, என்எஃப்சி அவற்றை ஒன்றாக்காது. நீங்களே ஒன்றை மற்றொன்றாக மாற்றியாக வேண்டும். 'ஸ்ரீ' இல்லாத கடைப் பெயர்ப் பட்டியல் நம் ஊரில் ஏது?

பழைய சரக்குப் பட்டியல் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் இருக்கக்கூடும். அந்தக் கோப்பை வேறு எழுத்துருவில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் கலைந்து கிடப்பது போலத் தெரியும். அதை யூனிகோடாக மாற்றிய பிறகு கடைக்காரரோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் படியுங்கள். 600 பொருளுக்கு எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

அகரவரிசையும் தானாக வராது. யூனிகோட் எண்வரிசையில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற. நம் நெடுங்கணக்கில் ற, ன இரண்டும் கடைசி. வரிசைப்படுத்த, மொழிவாரி அகரவரிசை தெரிந்த ஐசியு நூலகத்தைப் பயன்படுத்துங்கள்.

விண்டோஸில் கோப்பைத் திறக்கும்போது என்கோடிங் யுடிஎஃப்-8 என்று கையால் எழுதுங்கள். விட்டால் உங்கள் கணினியில் ஓடும், கடையில் பிழை அடிக்கும். எக்செலுக்கு சிஎஸ்வி கொடுப்பதென்றால் 'யுடிஎஃப்-8-சிக்' வகையில் கொடுங்கள், இல்லாவிட்டால் ஆடிட்டர் திரையில் தமிழ் குப்பையாகத் தெரியும்.

திரைக்கு நான் பைசைட் 6 எடுத்தேன், க்யூட்டியைப் பைதானிலிருந்து பயன்படுத்தும் நூலகம் அது. க்யூட்டி தமிழை ஒழுங்காகக் கோக்கும். பைதானோடு சும்மா வரும் டிகின்டர் லினக்ஸில் கொம்பை எழுத்துக்குப் பின்னால் போட்டுவிடுகிறது. பிடிஎஃப் நூலகங்கள் பலவற்றிலும் அதே கதை. அதனால் பில்லை ஹெச்டிஎம்எல்லாக எழுதி, உலாவியின் இயந்திரம் வழியாகவோ வீசிபிரின்ட் நூலகம் வழியாகவோ பிடிஎஃப் ஆக்குங்கள்.

தெர்மல் பிரின்டர் வைத்திருக்கும் கடைகளுக்கு ஒரு சொல். சாதாரண பில் பிரின்டருக்குத் தமிழ் எழுத்தை நேரடியாக அனுப்பினால் கேள்விக்குறிகள்தான் வரும். பில்லைப் படமாக வரைந்து, படத்தை அனுப்ப வேண்டும். 80 மில்லிமீட்டர் தாள் பிரின்டரில் அகலம் பெரும்பாலும் 576 புள்ளி, 58 மில்லிமீட்டரில் 384. நான் பத்து நாள் எழுத்துரு தேடி அலைந்தேன். படம் வரைய அரைநாள் போதுமாக இருந்தது.

5. தரவுத்தளம்

ஒரு கடைக்கு எஸ்க்யூலைட் தரவுத்தளம் தாராளம். நிறுவல் கிடையாது, கட்டணம் கிடையாது, ஒரே கோப்பு. ஆனால் சில விஷயங்களை அதுவாகச் செய்யாது.

அட்டவணைகளுக்கு இடையிலான அயல்சாவிக் கட்டுப்பாடு இயல்பாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் பிராக்மா கட்டளையால் அதை இயக்குங்கள். பில் எழுதுவதும் இருப்பைக் குறைப்பதும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் நடக்கட்டும். நடுவில் மின்சாரம் போனால் இரண்டும் நடந்திருக்க வேண்டும், அல்லது இரண்டும் நடக்காமல் இருக்க வேண்டும்.

கட்டளைக்குள் பொருள் பெயரை ஒட்டவைக்காதீர்கள், கேள்விக்குறி இட்டு மதிப்பைத் தனியாகக் கொடுங்கள். திருடர்கள் புகுவதைத் தடுக்க என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஹார்டுவேர் கடையில் திருடன் தேவையில்லை: 10 அடி பைப்பை 10' என்று அடித்தாலே அந்த ஒற்றை மேற்கோள் கட்டளையை உடைத்துவிடும்.

இரண்டு கணினி வந்ததும் கோப்பை நெட்வொர்க் பகிர்வில் வைக்கத் தோன்றும். வேண்டாம். பூட்டுகள் அங்கே நம்பகமாக வேலை செய்யாது, கோப்பு கெடும். அந்த நிலை வந்தால் போஸ்ட்கிரெஸ் என்ற சர்வர் தரவுத்தளத்துக்கு மாறுங்கள்.

காப்பு நகல் எடுக்க, ஓடிக்கொண்டிருக்கும் கோப்பைச் சும்மா காப்பி அடிக்காதீர்கள். 'வால்' முறை (மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும் எஸ்க்யூலைட் அமைப்பு) இயக்கியிருந்தால் கடைசி பில்கள் பக்கத்துக் கோப்பில் இருக்கும், நகலில் வராது. 'வாக்யூம் இன்டு' கட்டளை முழு நகல் கொடுக்கும். தினமும் கடை சாத்தும்போது ஒன்று பென் டிரைவில், ஒன்று கடைக்கு வெளியே. வாரம் ஒருமுறை அந்த நகலைத் திறந்து நேற்றைய பில் இருக்கிறதா என்று பாருங்கள். ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு அறிக்கைக்கான கெடு நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். இந்தக் கோப்பின் ஆயுளும் குறைந்தது அவ்வளவு.

6. கடைக் கணினியில் நிறுவுதல்

பைஇன்ஸ்டாலரால் பைதான் இல்லாத கணினியிலும் ஓடும் கோப்பு செய்யலாம். விண்டோஸுக்கான கோப்பை விண்டோஸில்தான் செய்ய வேண்டும், லினக்ஸில் செய்ய முடியாது. ஒற்றைக் கோப்பாகச் செய்ய ஆசை வரும். அது ஒவ்வொரு முறையும் தற்காலிக இடத்தில் தன்னை விரித்துக்கொண்டு தொடங்குவதால் பழைய கணினியில் காத்திருக்க வைக்கும், வைரஸ் தடுப்பானும் சந்தேகப்படும். கோப்புறையாகச் செய்யுங்கள். தரவுத்தளத்தை புரோகிராம் ஃபைல்ஸில் வைக்காதீர்கள். அங்கே எழுத அனுமதி இருக்காது. பயனரின் ஆப்டேட்டா கோப்புறையில் வையுங்கள்.

முதல் முறை திறக்கும்போது விண்டோஸ் ஒரு நீல நிறப் பெட்டியைக் காட்டி எச்சரிக்கும். இது நீங்கள் யார் என்று அதற்குத் தெரியாததால் வருவது. போக்க வேண்டுமானால் மென்பொருளில் உங்கள் அடையாளத்தைப் பதிக்கும் கையொப்பச் சான்றிதழ் வாங்க வேண்டும். நிறுவனம் என்றால் பதிவு ஆவணங்கள், பொதுப் பட்டியலில் இருக்கும் தொலைபேசி எண். தனிநபர் என்றால் அரசு அடையாள அட்டை, நேரலைச் சரிபார்ப்பு. செலவு பெரும்பாலும் ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். 2023 ஜூன் 1 முதல் கையொப்பச் சாவியைப் பாதுகாப்பான வன்பொருளில்தான் வைக்க வேண்டும் என்பதால் டோக்கன் அஞ்சலில் வரும் நாட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்கிய அன்றே எச்சரிக்கை மறையும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம், பலர் பயன்படுத்தப் பயன்படுத்தத்தான் நம்பிக்கை ஏறும். ஒரே ஒரு கடைக்கு என்றால் இந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். நேரில் போய் நிறுவி, எச்சரிக்கையை நீங்களே கடந்து கொடுத்துவிட்டு வாருங்கள்.

7. இணையத்துக்குப் போகும்போது

முதல் கட்டத்தில் இணையத்தில் பில் போட வைக்காதீர்கள், பார்க்க மட்டும் வையுங்கள். கடையில் நெட் போனாலும் கல்லா நிற்கக் கூடாது. மேசை மென்பொருள் பில்லைப் போட்டு தன்னிடம் வைத்துக்கொள்ளும், நெட் இருக்கும்போது சர்வருக்கு அனுப்பும். ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு யுயுஐடி (வேறெங்கும் திரும்ப வராத அடையாளம்) கொடுங்கள். அனுப்பிய பில்லுக்குப் பதில் வருமுன் நெட் துண்டித்தால் மென்பொருள் அதையே மறுபடி அனுப்பும். அந்த அடையாளம் ஏற்கெனவே இருந்தால் சர்வர் இரண்டாவதை விட்டுவிட வேண்டும். முதல் வாரம் எனக்கு இது இல்லை, ஒரே பில் மூன்று முறை ஏறி மாமா வியாபாரம் பெருகிவிட்டது என்று நம்பிவிட்டார்.

வலைப் பகுதிக்கு ஜாங்கோ நல்லது, உள்நுழைவும் கடவுச்சொல் பாதுகாப்பும் கூடவே வருகின்றன. ஏற்றும் முன் டீபக்கை (பிழை விவரங்களைப் பக்கத்திலேயே காட்டும் அமைப்பு) அணையுங்கள், ரகசியச் சாவியைக் கிட் என்ற நிரல் சேமிப்புக் கருவிக்குள் போடாமல் சூழல் மாறியில் வையுங்கள், 'செக் டிப்ளாய்' கட்டளையை ஓட்டி அது சொல்வதையெல்லாம் சரிசெய்யுங்கள். டீபக்கை அணைத்ததும் பக்கங்கள் நிறமிழந்து தெரிந்தால் பதற வேண்டாம். ஸ்டாட்டிக் கோப்புகளை (பக்கத்தின் நிறம், அமைப்பு, படங்கள்) ஜாங்கோ அதற்குமேல் தானாகத் தராது, ஒய்ட்நாய்ஸ் அல்லது என்ஜின்எக்ஸிடம் ஒப்படையுங்கள். சர்வரில் ஜாங்கோவை ஓட்டும் கன்னிகார்ன் விண்டோஸில் ஓடாது, உங்கள் கணினியில் சோதிக்க வெய்ட்ரெஸ் பயன்படும்.

சிறிய மெய்நிகர் சர்வர் மாதம் 4 முதல் 6 டாலர், அதன்மேல் வரி. டொமைனுக்கு முதல் ஆண்டு விலையைப் பார்க்காதீர்கள், புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள். டொமைனைக் கடைக்காரர் பெயரில், அவர் மின்னஞ்சலில் பதியுங்கள். தளத்தை ஹெச்டிடிபிஎஸ்ஸில் பாதுகாப்பாகத் திறக்க வைக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசம், 90 நாள் செல்லும், தானாகப் புதுப்பிக்கும்படி வைக்கலாம். காலாவதி நெருங்கினால் மின்னஞ்சல் அனுப்பும் பழக்கத்தை அவர்கள் 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். புதுப்பித்தல் உண்மையில் ஓடுகிறதா என்று நீங்களே நாட்காட்டியில் குறித்துப் பார்க்க வேண்டும்.

8. எத்தனை நாள் கேட்க வேண்டும்

மாலை நேரத்தில் மட்டும் உட்காருபவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்துக்கு ஒரு வாரம், கணக்குக்கும் சோதனைக்கும் மூன்று, தமிழுக்கும் அச்சுக்கும் இரண்டு, திரைக்கு மூன்று, நிறுவ ஒன்று, இணையப் பார்வைக்கு இரண்டு. மொத்தம் 12 வாரம். இதற்குக் குறைவாக ஒத்துக்கொள்ளாதீர்கள். சொந்தக்காரர் கடையானாலும் சர்வர் செலவையும் டொமைன் செலவையும் முதலிலேயே சொல்லி, அவர் கணக்கிலிருந்தே கட்டச் சொல்லுங்கள்.

மாற்றும் நாளாகக் கூட்டம் குறைந்த ஒரு வாரத்தின் முதல் நாளைத் தேர்ந்தெடுங்கள். மாதக் கடைசியும் தீபாவளிக்கு முந்தைய வாரமும் கூடாது. அந்த முதல் வாரம் முழுக்க உண்மையான பில் பழைய புத்தகத்திலேயே இருக்கட்டும், அதையே மென்பொருளிலும் சோதனைத் தொடரில் அடியுங்கள். ராத்திரி கடை சாத்தும் முன் மூன்று தொகையை ஒரு தாளில் எழுதுங்கள்: புத்தகம், மென்பொருள், கல்லாவில் எண்ணிய பணம். எங்களுக்கு நான்காவது நாள்தான் மூன்றும் ஒத்துப்போயின. தொடர்ந்து மூன்று நாள் ஒத்துப்போன பிறகு சோதனை பில்களை அழித்து, 00001-லிருந்து தொடங்குங்கள். பழைய புத்தகத்தின் கடைசி எண்ணையும் புதுத் தொடரின் முதல் எண்ணையும் தேதியோடு ஆடிட்டருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.